மறுகரையில் தொற்று குறைகிறது

கிளி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் யார் என்ன சொன்னாலும் அதே குரலில், அதே இழுப்போடு திருப்பிச் சொல்வாள். வளர்ந்து வானொலியில் அறிவிப்பாளரான பிறகும் அக்கா அந்தப் பெயரை விடவில்லை. "சொன்னதச் சொல்ற வேலைக்குத்தான் நீ லாயக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்பாள்.

தொற்று பரவி ஊர் அடைந்து கிடந்த நாட்களில், காலைச் செய்தி முடிந்ததும் கிளி நடத்திய நிகழ்ச்சியை வட்டாரமே கேட்டது. சுகாதாரத் துறையின் வட்டார அதிகாரி நிலையத்துக்கே வந்து உட்காருவார். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றார்கள். எந்தப் பகுதியில் தொற்று ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்தச் சாலை திறந்திருக்கும், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று அவர் சொல்வார். மக்கள் போன் செய்து கேட்பார்கள். கிளிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. மைக்குகளுக்கு மேல் பாலிதீன் உறை. ஒவ்வொரு நாளும் அந்த உறையைக் கழற்றி மாற்றுவது ஒலிக்காரரின் வேலை. போன்களை எடுத்து இணைப்பதும் அவர்தான்.

ஆரம்பத்தில் ஒருவரும் பேச முன்வரவில்லை. அரசாங்க அதிகாரியிடம் இருமல் என்று சொன்னால் பிடித்துப் போக வீட்டுக்கு வண்டி வந்துவிடும் என்று பயம். பேச ஆளில்லாமல் நிகழ்ச்சி ஈயாடியபோது கைகொடுத்தது அக்காதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மறுகரையில் அவள் வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பள்ளிகள் மூடியதால் பேருந்து அவள் வீட்டருகே காலி மனையில் நின்றது. அத்தான் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். அவருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத அக்கா, வானொலிக்குப் போன் போட்டாள். ஒருநாள் வாய் குழறும் பழக்கடைக்காரியாகப் பேசினாள். இன்னொரு நாள் புதிதாகக் கல்யாணமான பெண்ணாக. முதல் சொல்லிலேயே அது அக்கா என்று கிளிக்குத் தெரிந்துவிடும். சிரிப்பை அடக்க மேசையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருமுறை காது மந்தமான கிழவராக வந்தாள். "கை கழுவணும், கை கழுவணும்னு சொல்றீங்களே தம்பி, யாரைக் கை கழுவணும்? எங்களையா?" என்று கேட்டாள். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து மக்கள் பேச ஆரம்பித்தார்கள். அதன் பிறகு போன் ஓயவே இல்லை. அக்காவின் உதவி தேவைப்படவில்லை. ஆனாலும் எப்போதாவது ஆசைக்கு ஒரு குரலில் வந்துவிட்டுப் போவாள். "மறுகரை அம்மணி லைன்ல இருக்காங்க" என்று ஒலிக்காரர் கண்ணாடி வழியே கண்ணடிப்பார்.

பிறகு நிறங்கள் வந்தன. தொற்று அதிகமுள்ள பகுதி சிவப்பு, நடுவில் மஞ்சள், குறைந்த பகுதி பச்சை. நகரம் சிவப்பாக இருந்தது. பெரிய மருத்துவமனையின் தாழ்வாரங்களில் ஆட்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அதனால் மறுகரைப் பள்ளி மைதானத்தில் இருந்த பரிசோதனைக் கூடாரத்தைப் பிரித்து நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடாரம் போனதும் மறுகரையில் எண்ணிக்கை சரிந்தது. கொஞ்ச நாளில் அது பச்சை ஆயிற்று.

"மறுகரையில் தொற்று குறைகிறது" என்று கிளிதான் முதலில் அறிவித்தாள். குரலில் மலர்ச்சியோடு அறிவித்தாள். அங்கே கடைகள் திறந்தன. கூரை ஓட்டுத் தொழிற்சாலையின் புகைபோக்கி மறுபடி புகைந்தது. அத்தானுக்குக்கூட ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. பச்சைக்கு எதற்கு என்று மறுகரை மருத்துவமனையின் ஆக்சிஜன் உருளைகளையும் டாக்டர்களையும் நகரத்துக்கு மாற்றினார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு நோய் போய்விடக் கூடாது என்று பாலத்தை மூடிப் போலீஸை நிறுத்தினார்கள். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒரு மாலையில் அக்கா பேசினாள்.

"எங்க தெருவுல எந்த ஜன்னலத் தாண்டினாலும் இருமல் கேக்குது. இது எப்படிடி பச்சை?"

"புள்ளிவிவரம் அப்படித்தான்க்கா சொல்லுது."

"ஒருத்தரையும் பரிசோதிக்கல. அப்புறம் எங்கேருந்து புள்ளி, எங்கேருந்து விவரம்? பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

"டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

"நீ கேக்க மாட்ட. நானே கேக்கறேன். ரேடியோவுலயே அந்த மனுஷனை மடக்குறேன் பாரு. எந்தக் குரல்ல வருவேன்னு உனக்கே தெரியாது."

கிளி சிரித்தாள். டாக்டரிடம் கேட்கவும் இல்லை. அவர் கண்கள் வீங்கி, முகக்கவசத்தின் விளிம்பு மூக்கில் புண்ணாகி, காரிலேயே தூங்கி எழுந்து வந்துகொண்டிருந்தார். அவரிடம் எதையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. நிலைய மேலாளரும் சொல்லியிருந்தார்: "மக்களுக்குத் தைரியம் சொல்லணும். பீதியைக் கிளப்புற கேள்வி வந்தா நன்றி சொல்லி அடுத்த ஆளுக்குப் போயிடுங்க."

அந்த நாள் வந்தபோது வேறு எந்த நாளையும் போலத்தான் இருந்தது. கிளி கைப்பேசியை அணைத்து வெளியே அலமாரியில் வைத்துவிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். டாக்டர் வழக்கம்போல எண்களைச் சொன்னார். வடக்கே ஏற்றம், நகரத்தில் சற்று நிதானம், மறுகரையில் தொடர்ந்து இறக்கம். நான்கைந்து பேர் பேசிய பிறகு ஒலிக்காரர் கண்ணாடிக்கு அப்பால் கண்ணடித்தார்.

"வணக்கம். மறுகரையிலேருந்து பேசறேன்."

குரல் கரகரத்து, கீழே இறங்கி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டது. அக்காதான். இப்படி ஒரு குரலை இதுவரை எடுத்ததே இல்லையே என்று கிளி வியந்தாள்.

"சொல்லுங்கம்மா. டாக்டர் கேட்டுக்கிட்டிருக்கார்."

"எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது. உதடு நீலமா இருக்கு. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா மணி போய்க்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. நானே வண்டியில ஏத்திக்கிட்டு பாலத்துக்கு வந்துட்டேன். சீட்டு இல்லாம விட மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க."

டாக்டர் மைக்கை நோக்கிக் குனிந்தார். "அம்மா, பதற்றப்படாதீங்க. உங்க பக்கத்து மருத்துவமனை இயங்கிக்கிட்டுத்தான் இருக்கு. இங்க கூட்டத்துல கொண்டு வந்தா நோய் முத்தும். உங்க பகுதி பச்சை. அங்கேயே காட்டுறதுதான் பாதுகாப்பு."

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். ஒரு நர்ஸ் இருக்காங்க, அவ்வளவுதான். ஆக்சிஜன் வார்டைப் பூட்டி—"

மடக்கிவிட்டாள், என்று கிளி நினைத்தாள். டாக்டர் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். மேலாளரின் அறைக் கதவு திறப்பது தெரிந்தது. அக்காவின் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளூரப் பூரித்தபடி, இதற்கு மேல் போனால் வேலைக்கு ஆபத்து என்று, கிளி மைக்கை இழுத்தாள்.

"நன்றிம்மா. டாக்டர் சொன்னபடி உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போங்க. நல்லதே நடக்கும். அடுத்த நேயர், வணக்கம்."

நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியை எடுத்தாள். திரை முழுக்க அக்காவின் தவறிய அழைப்புகள். அவள் அறைக்குள் போன நிமிடத்திலிருந்து வரிசையாக. தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்று எண்ணை அழுத்தினாள்.

அக்கா உடனே எடுத்தாள். இப்போது அவளுடைய சொந்தக் குரல்.

"வேலை முடிஞ்சுதா?"

"அக்கா, நீ எங்க இருக்க? அத்தான் எங்க?"

"வண்டியிலதான் இருக்கார். மூணாவது வரிசை சீட்டுல படுக்க வச்சிருந்தேன். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீங்கள்ல, வண்டியைத் திருப்பினேன். ரவுண்டானா வர்றதுக்குள்ள போயிட்டார்டி."

கிளி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன் போன் எடுக்கல. ஆம்புலன்ஸ் எடுக்கல. கூப்பிட்டா எடுக்குற ஒரே நம்பர் உங்க ரேடியோ நம்பர்தான்னு தோணுச்சு."

"நான்... நீ நடிக்கறேன்னு நினைச்சேன்க்கா."

அந்தப் பக்கம் பேருந்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் அக்கா. "நல்லதே நடக்கும்னு சொன்னப்போ நீ சிரிச்சுக்கிட்டிருந்த. உதடு சிரிச்சா குரல்ல தெரியும்னு நீதானே சொல்லுவ."

அத்தானின் உடலை நகராட்சி வண்டி எடுத்துப் போனது. கிளிக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. இறப்புக்குச் சீட்டு உண்டு, ஆனால் தொற்றில் இறந்தால் மட்டும் கிடையாது என்றார் அலுவலகத்தில் இருந்தவர். "அவருக்குத் தொற்றுன்னு பரிசோதிக்கவே இல்லையே" என்றாள் கிளி. அப்படியானால் தொற்று இல்லை என்ற பரிசோதனைச் சான்று கொண்டு வாருங்கள் என்றார் அவர். கிளி பாலத்தின் இந்தப் பக்கம் தடுப்புக் கம்பிவரை நடந்து போய் நின்றாள். மறுகரையில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுத் தொழிற்சாலைப் புகைதான் தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து, நிற்கக் கூடாது என்று தன்மையாகச் சொன்னார்.

மேலாளர் விடுப்பு எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சி நாளில் பெரிய டாக்டரைப் படிக்கட்டிலேயே நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பாலத்துல வண்டியோட நின்னது என் அக்கா. செத்தவர் என் அத்தான்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்பவே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நிஜம்னு எனக்கே தெரியல டாக்டர். நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். ஆனா முன்பின் தெரியாத ஒரு பொம்பளையா இருந்தாலும் நீங்க விடச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் படியில் உட்கார்ந்தார். அந்த வயதுக்காரர் அப்படிப் படியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"உருளைகளை எடுக்க உத்தரவு மேலேருந்து வந்தது. கையெழுத்து என்னோடது. இங்க என் கண் முன்னால சாகுறாங்கம்மா. அங்க சாகுறவங்க என் கண்ணுக்குத் தெரியல. கண்ணுக்குத் தெரியறவனுக்குக் குடுத்தேன். தப்புன்னு சொல்லவும் தெரியல, சரின்னு சொல்லவும் தெரியல."

"கூடாரத்தையும் எடுத்தீங்களே. அதனாலதானே கண்ணுக்குத் தெரியல."

அவர் முகக்கவசத்தை மூக்குப் புண்ணிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

"இன்னைக்குக் கேக்கப் போறேன்" என்றாள் கிளி. அவர் தலையசைத்தாரா, தலை தானாகத் தொங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. வடக்கே ஏற்றம் என்று ஆரம்பித்த டாக்டர் மறுகரைக்கு வந்தபோது கிளி குறுக்கிட்டாள். அவள் குரலில் மலர்ச்சி இல்லை, அழுகையும் இல்லை.

"டாக்டர், மறுகரையில போன வாரம் எத்தனை பேரைப் பரிசோதிச்சீங்க?"

வானொலியில் மௌனம் என்பது சாவுக்குச் சமம் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்த மௌனத்தை நிரப்பாமல் விட்டாள்.

"யாரையும் பரிசோதிக்கல" என்றார் டாக்டர்.

"அப்ப தொற்று குறையுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் கையை வெட்டுவது போல ஆட்டினார். ஒலிக்காரர் தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் புகுந்துகொண்டார். டாக்டர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மறுகரையில இருக்கறவங்க கேளுங்க. யாருக்காவது மூச்சு வாங்கினா அங்க இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போய் நேரத்தை வீணாக்காதீங்க. அங்க ஆக்சிஜன் இல்ல. பாலத்துக்கு வாங்க. சீட்டு வேண்டாம். விடச் சொல்லி நான் இப்பவே உத்தரவு போடறேன்."

மேலாளரே உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். ஒரு காதல் பாட்டு ஒலித்தது.

அன்று முதல் வட்டாரத்தில் இதே பேச்சுதான். ரேஷன் வரிசையில், மருந்துக் கடை வாசலில், தொலைக்காட்சியில் வரிசையாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசியவர்களிடையே. டாக்டர் உத்தமர் என்றார்கள் சிலர். ஆட்கள் சாவதற்கு முன்பு இந்த உத்தமம் எங்கே போயிருந்தது என்றார்கள் சிலர். அந்தப் பெண்ணுக்கு எதிர்க்கட்சிக்காரன் எழுதிக் கொடுத்தது என்று ஒருவர் சத்தியம் செய்து சொன்னார். அமைச்சகம், அதிகாரி நீண்ட பணியால் மனச்சோர்வு அடைந்திருப்பதாக அறிவித்தது. அவரைக் கோப்புகள் மட்டும் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கிளியை விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். சோப்பு, வலி நிவாரணி, தவணையில் மின்விசிறி.

ஆனால் அவர் போட்ட உத்தரவைத் திரும்பப் பெற யாருக்கும் துணிவு வரவில்லை. பாலம் நோயாளிகளுக்குத் திறந்தது. கூடாரம் மறுபடி பள்ளி மைதானத்துக்குப் போனது. உருளைகளில் பாதி திரும்பின. பரிசோதிக்க ஆரம்பித்ததும் மறுகரையின் எண்ணிக்கை தாவி ஏறியது. ஒரே வாரத்தில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாயிற்று. கடைகள் மூடின. ஓட்டுத் தொழிற்சாலையின் சூளை அணைந்தது.

அப்போது கோபம் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டுச் சூளைக்காரர்தான் முதலில் கத்தினார்.

"உன் புருஷன் போனான்னு ஊரையே கொல்லப் பாக்கறீங்களா, அக்காளும் தங்கச்சியும்? பச்சையா இருந்தோம், ரெண்டு வேளை சாப்பிட்டோம். இப்ப நோயும் இருக்கு, பசியும் இருக்கு. சந்தோஷமா?"

தெருவில் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். இதை அவள் கிளியிடம் சொல்லவில்லை. அத்தான் போன பிறகு அவள் கிளியின் அழைப்புகளை எடுப்பதே இல்லை. சூளைக்காரர் கத்தியதும், பிறகு நடந்ததும், பாலம் எல்லோருக்கும் திறந்து கிளி நடந்தே மறுகரைக்குப் போன அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று அக்கா காலி மனையில் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளி திறக்கப் போகிறதாம். மெலிந்திருந்தாள். முடி முன்பக்கம் நரைத்துவிட்டது. தங்கையைப் பார்த்துத் துணியைப் பிழிந்தாள், உதறினாள், மறுபடி பிழிந்தாள்.

"சாப்டியா?" என்றாள்.

"ம்."

"அந்தப் பக்கக் கண்ணாடியைத் துடை."

கிளி துடைத்தாள். இருவரும் பேருந்தின் இரண்டு பக்கமும் நின்று, நடுவில் காலி இருக்கைகள் தெரிய, வெகுநேரம் வேலை செய்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஓர் ஒல்லியான பெண் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கிளி அவளைப் பார்ப்பதைக் கண்டு அக்கா சொல்ல ஆரம்பித்தாள்.

"அவ சூளைக்காரர் பொண்டாட்டி. அந்தாள் என் வாசல்ல வந்து வாய்க்கு வந்தபடி பேசினார். அப்புறம் ஒருநாள் அதே வாசல்ல வந்து நின்னார். பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். உள்ள அவளுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருந்தது. என்கிட்ட வண்டி இருக்கு."

"ஓட்டினியா?"

"உடனே ஓட்டல. சாவி கையில இருந்தது. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தேன். நிக்கட்டும்னு தோணுச்சு. நான் பாலத்துல நின்ன மாதிரி நிக்கட்டும்னு." அக்கா வாளிக்குள் துணியை முக்கினாள். "அப்புறம் ஓட்டினேன். பாலத்துல ஒருத்தனும் கை காட்டி நிறுத்தல. கம்பியைத் தூக்கி வச்சுக்கிட்டு, சீக்கிரம் போங்கன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க. பிழைச்சு வந்துட்டா."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். நீ ரேடியோவுல கேட்டதாலதான் கம்பி தூக்கினாங்க. அதை இந்தத் தெருவுல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். அவ வண்டியிலேருந்து இறங்கி நடந்து வந்தப்போ தெருவே பாத்துச்சு. எனக்கும் சந்தோஷம் வரும்னு நினைச்சேன்." அக்கா துணியை வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்தாள். "வயிறு எரிஞ்சுதுடி கிளி. பத்திக்கிட்டு எரிஞ்சுது. அவருக்கு ஏன் தூக்கலன்னு. இப்பவும் அவ வெயில்ல உக்காந்திருக்கறதப் பாத்தா எரியுது. இப்படி ஒரு மனசு எனக்கு இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல."

கிளி பேருந்தைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாலம் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

"அக்கா, என்னை..."

"கேக்காத. கேட்டா பதில் சொல்லணும். எனக்கு இன்னும் பதில் தெரியல." அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீ வந்து போய்க்கிட்டு இரு. அவ்வளவுதான் இப்போதைக்கு."

கிளி படியில் ஏறிப் பேருந்துக்குள் போனாள். இருக்கைகளை முன்னாலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. அடுத்ததில் துணியை வைக்கும் முன் வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அதை விட்டுடு. அது நான் பண்ணிக்கறேன்."

கிளி கையை எடுத்துக்கொண்டு நான்காவது வரிசைக்குப் போனாள்.